குளத்துக்குள் கட்டிய வரப்பு

எங்கள் ஆலடிவிலக்கைப் பற்றி வெளியூரில் யாராவது கேலி பேசினால் எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிடும். ஊர் முழுக்க அப்படி இல்லை ஐயா. மூன்றே மூன்று பேர்தான் அப்படி. பழி ஊர்மேல் விழ வேண்டாம் என்று அவர்கள் பெயரையே சொல்லிவிடுகிறேன். மூத்தவன் மூக்காண்டி, நடுவுள்ளவன் பிச்சாண்டி, கடைக்குட்டி வேலாண்டி. மூவரும் கூடப்பிறந்தவர்கள்.

தென்காசி ரோட்டில் என் பஞ்சர் கடை. கடைக்கு நேர் எதிரே பொன்னுலிங்கம் கட்டிய நீச்சல் குளம். ஆகவே இதில் பாதியை நானே பார்த்தேன். மீதியை மூக்காண்டி வந்து சொன்னான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. பொய் சொல்வதென்றால் கொஞ்சமாவது யோசிக்க வேண்டுமே.

பொன்னுலிங்கம் குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டியவன். பாதி ஆயுசை அந்த வெயிலில் கழித்துவிட்டு, இனி குடும்பத்தோடுதான் என்று ஊர் திரும்பி, சேர்த்ததை எல்லாம் கொட்டி இந்தக் குளத்தைக் கட்டினான். நீலக் கல் பதித்து, ஷவர் வைத்து, உடை மாற்ற அறை கட்டி, சுற்றிலும் உட்காரப் படிக்கட்டும் போட்டான். டவுன் பள்ளிக்கூடத்துப் பி.டி. வாத்தியார் சாமுவேல்துரை, கோடை லீவு முழுக்கப் பையன்களைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. திறப்பு விழா அன்று ஒரு ரூபாய்க் காசைக் குளத்தின் அடியில் போடுவார். கரையில் நின்று பார்த்தால் பூவா தலையா என்று தெரிய வேண்டும். தெரியாத தண்ணீரில் பையன்களை இறக்க மாட்டார்.

"அந்த வாத்தியார் கைவிட்டுட்டாருன்னா எனக்கு மறுபடி குவைத்துதான் அண்ணாச்சி," என்று பொன்னுலிங்கம் என் கடையில் உட்கார்ந்து சொன்னான். "சின்னவ இப்பத்தான் என்னை அப்பான்னு கூப்பிடுதா. இத்தன நாளா போன்ல வர்ற மாமான்னு நெனச்சிட்டு இருந்திருக்கா."

சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

குளத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றதும் அவன் பெண்சாதி வடிவு முந்திக்கொண்டாள். "எந் தம்பிமாரு மூணு பேரு கல்லுக்குண்டு மாதிரி இருக்கும்போது வெளியாளு எதுக்கு? தண்ணியைப் பத்தி அவங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கு?"

அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. அந்தக் குடும்பம் பரம்பரையாக நீர்பாய்ச்சிகள். கால்வாய்த் தண்ணீரை வயல் வயலாகத் திருப்பிவிடுவது அவர்கள் வேலை. எல்லா வயலுக்கும் ஒரு முறை பாயாமல் எந்த வயலுக்கும் இரண்டாம் முறை தண்ணீர் கிடையாது என்பது அந்த வேலையின் சட்டம். இந்தச் சட்டத்தில் மூன்று ஆண்டிகளும் எமகாதகர்கள். ஒரு தடவை அடைமழையில், முறை முடிந்த வயலுக்கு இரண்டாம் தண்ணீர் விழுகிறதே என்று பதறி, மூவரும் தார்ப்பாயை விரித்துப் பிடித்துக்கொண்டு விடிய விடிய வயலில் நின்றார்கள். மூவருக்கும் சளி பிடித்தது.

பம்பு மாட்ட ஜெபசீலி என்ற மெக்கானிக் தூத்துக்குடியிலிருந்து வந்தாள். சின்ன வயசு, நல்ல கெட்டிக்காரி. மூவரையும் பம்புக்கு முன்னால் நிறுத்திப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள்.

"அண்ணே, குளத்துல உள்ள தண்ணி பூராவும் தினம் ஒரு தரம் இந்த மணல் வடிகட்டிக்குள்ள போயிட்டு வரணும். அதுக்குத்தான் பம்பு. பச்சைப் பொத்தான் மெதுவேகம். பகல் பூரா அதுல ஓட்டுங்க. சிவப்பு வேகம். அது காலையில கொஞ்ச நேரம் போதும், குப்பையை இழுக்கிறதுக்கு. தண்ணி அழுக்காச்சுன்னா இந்தக் கைப்பிடியைத் திருப்புங்க, அழுக்குத் தண்ணி வெளிய போயிரும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, தண்ணி இல்லாம பம்பை ஓட்டக்கூடாது."

"மெதுவேகம்னா எவ்வளவு மெதுவு மேடம்?" என்று மூக்காண்டி பவ்யமாகக் கேட்டான்.

"நிமிஷத்துக்கு ஆயிரத்து எரநூறு சுத்துண்ணே."

அவள் போய்விட்டாள். பொன்னுலிங்கமும் வடிவும் சொந்தக்காரர்களைத் திறப்பு விழாவுக்கு அழைக்கக் கிளம்பிவிட்டார்கள். எங்கள் பக்கம் நல்லதுக்கு அழைக்கப் போனால் ஜோடியாகத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் அதற்கொரு கோபம் வரும். ஆக, குளமும் பம்பும் மூன்று ஆண்டிகள் கையில் தனியாக மாட்டிக்கொண்டன.

பம்புக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து மூவரும் பேச்சைத் தொடங்கினார்கள்.

"ஒரு நிமிஷத்துல ஆயிரத்து எரநூறு சுத்து சுத்துமாம்ல. இதுக்குப் பேரு மெதுவாம்," என்றான் மூக்காண்டி.

"நம்பவா சொல்லுத?" என்றான் பிச்சாண்டி.

"மேடம் பொய் சொல்ல மாட்டாங்க. பம்பு அவங்ககிட்டப் பொய் சொல்லியிருக்கலாம்."

இதைச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. இளவட்டம் என்பதால் வேலாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்தைச் சுற்றி ஓடினான். பிச்சாண்டி எண்ணினான். நிமிஷம் முடிகிறபோது வேலாண்டி மூன்றரைச் சுற்று ஓடி, மீதி அரைச் சுற்றுக்குப் பதிலாக வாந்தி எடுத்தான். பிறகு மூவரும் சேர்ந்து ஓடினார்கள். மூவர் சுற்றையும் கூட்டியும் பத்தைத் தாண்டவில்லை.

மூக்காண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து என்னிடம் வந்தான். "அண்ணாச்சி, ஒரு நிமிஷம் வந்து நீங்களும் ரெண்டு சுத்து ஓடுங்களேன். இன்னும் ஆயிரத்துச் சொச்சம் மிச்சம் கெடக்கு."

லாரி டயர் காத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

பம்பு பெருமை அடிக்கிறது என்று மூவரும் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனாலும் மேடம் சொன்ன சொல்லை மீறக்கூடாது என்று பச்சைப் பொத்தானை அமுக்கினார்கள். பம்பு சத்தமே இல்லாமல் ஓடியது. குளத்துத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வடிகட்டியிலிருந்து தண்ணீர் குளத்துக்குத் திரும்பி வருகிற துவாரத்துக்குப் பக்கத்தில், மடைக்குக் காவல் இருப்பதுபோல, பிச்சாண்டி மம்பட்டியோடு உட்கார்ந்திருந்தான். மத்தியானத்துக்கு மேல் அவன் முகம் மாறியது.

"அண்ணே, இப்ப உள்ள போவுதுல்லா, அது போகாத தண்ணியா, இல்ல ஏற்கனவே போயிட்டு வந்த தண்ணியா?"

மூக்காண்டி குளத்தை உற்றுப் பார்த்தான். எல்லாத் தண்ணீரும் ஒன்றுபோலவே இருந்தது.

"அடப்பாவி, நல்லவேளை கேட்ட! வயல்னா பாஞ்சது ஈரமா இருக்கும், பாயாதது காஞ்சு கெடக்கும். இங்க எல்லாமே ஈரமால்லா இருக்கு!"

"பக்கத்துல உள்ள தண்ணி முந்திக்கிட்டு ரெண்டு தரம், மூணு தரம்னு போயிட்டு வந்துரும்ணே. அந்த மூலைத் தண்ணி பாவம், வாயில்லாப் பூச்சி. ஒரு தரம்கூடப் போயிருக்காது," என்றான் வேலாண்டி. அவனுக்கு இளகிய மனசு. மூலையில் கிடந்த தண்ணீரைப் பார்த்து உச்சுக் கொட்டினான்.

மூக்காண்டி ஜெபசீலிக்குப் போன் போட்டான். "மேடம், ஒரு தரம் போயிட்டு வந்த தண்ணி மறுபடியும் போகாம எப்படித் தடுக்கிறது?"

அவள் சிரித்தாளாம். "போனாப் போகட்டும்ணே, நல்லதுதானே!"

போனை வைத்துவிட்டு மூக்காண்டி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான். "நல்லதாம்ல! இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் கடைமடை பூராவும் காஞ்சு போச்சு. நம்ம காவல்ல அந்த அநியாயம் நடக்க விடக்கூடாது. போன தண்ணி ஒரு பக்கம், போகாத தண்ணி ஒரு பக்கம். நடுவுல வரப்புப் போடுங்கல!"

அப்புறம் என்ன, பரம்பரைத் தொழில் ஆயிற்றே. பின்பக்கத்துத் தென்னந்தோப்பிலிருந்து செம்மண்ணை வெட்டி, கூடை கூடையாகச் சுமந்து வந்து, அந்த நீலக் குளத்தின் நட்டநடுவில் கொட்டினார்கள். நான் ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கிறேன், மூன்று பேரும் கூடையோடு போகிறார்கள், வருகிறார்கள். பூச்செடி வைக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"அண்ணே, போடப் போடக் கரையுதே," என்றான் வேலாண்டி.

"கரையத்தான் செய்யும். நெறைய போட்டா நிக்கும்."

நெறையப் போட்டார்கள். பொழுது சாயும்போது வேலாண்டி கடைசிக் கூடையைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தான். வரப்பைக் காணவில்லை. குளத்தையும் காணவில்லை. நான் குடிக்கிற டீயின் நிறத்தில் ஒரு பெரிய சேற்றுக் குட்டை இருந்தது. பம்பு தொண்டை கட்டியதுபோல முனகியது.

மூக்காண்டி பயந்துபோய் ஒரு ரூபாய்க் காசைப் போட்டுப் பார்த்தான். முங்கின இடம் தெரியவில்லை. அது எங்கே போனது என்று பார்க்கப் பிச்சாண்டி இன்னொரு காசைப் போட்டான். அந்த இரண்டும் சேர்ந்து எங்கே போயின என்று பார்க்க வேலாண்டி தன் காசையும் போட்டான். மூன்றும் போயே போயின.

அப்போதுதான் மூவருக்கும் விஷயம் உறைத்தது. "அத்தான் மறுபடி குவைத்துக்குப் போயிருவாருண்ணே," என்று வேலாண்டி விசும்பினான். "அக்கா ஒத்தையில கெடந்து அழுமே." அந்த மூன்று பேருக்கும் அக்கா என்றால் உயிர். அறிவுதான் இல்லையே தவிர பாசத்துக்குக் குறைச்சல் கிடையாது. மூவரும் கரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்காத குறை.

மூக்காண்டி மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தான். "அழுதா ஆச்சா? யோசிங்கல. வாத்தியாருக்கு என்ன தெரியணும்?"

"காசு தெரியணும்."

"காசை மறைக்கிறது எது?"

மூவரும் குளத்தைப் பார்த்தார்கள். வெகுநேரம் பார்த்தார்கள்.

"தண்ணி!" என்றான் பிச்சாண்டி.

"அப்படிச் சொல்லு! அழுக்குத் தண்ணியை வெளிய விட கைப்பிடியைத் திருப்பணும்னு மேடம் சொன்னாங்க. குப்பையை இழுக்கச் செவப்புப் பொத்தான்னும் சொன்னாங்க. இப்பக் குளமே குப்பையாத்தான இருக்கு?"

கைப்பிடியைத் திருப்பினார்கள். சிவப்புப் பொத்தானை அமுக்கினார்கள். பம்பு ஆங்காரத்தோடு சீறிக்கொண்டு கிளம்பி, மொத்தக் குளத்தையும் தென்னந்தோப்புக்குள் துப்ப ஆரம்பித்தது. அங்கேயும் மம்பட்டியோடு நின்று ஒவ்வொரு தென்னைக்கும் முறை வைத்து ஒரு தடவைதான் பாய்ச்சினார்கள். எந்த மரமும் குறை சொல்ல முடியாது.

மறுநாள் குளத்தில் தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்தபோது அடுத்த சிக்கல் முளைத்தது.

"தண்ணி இல்லாம ஓட்டக்கூடாதுன்னு சொன்னாங்களேண்ணே. நிறுத்திரலாமா?" என்றான் பிச்சாண்டி.

"பகல் பூரா ஓட்டணும்னும் சொன்னாங்கள்லா?"

சற்று நேரத்தில் மூக்காண்டி என் கடைக்கு வந்தான். டியூபை முக்கி ஓட்டை பார்க்க நான் வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டியை இரவல் கேட்டான். கூடவே ஒரு பழைய லாரி டியூபையும், காற்றடித்துக் கேட்டான். அது எதுக்குடா என்றேன். "குளம்னா உயிர் காக்க ஒரு டியூப் இருக்கணும் அண்ணாச்சி," என்றான். பொறுப்பான பையன் என்று நினைத்துக் கொடுத்தேன்.

பம்பு தண்ணீரை இழுக்கிற குழாயையும் திருப்பி விடுகிற குழாயையும் என் தொட்டிக்குள் விட்டு, கைப்பிடியைப் பழையபடி திருப்பி, பச்சைப் பொத்தானை அமுக்கினார்கள். வடிகட்டியில் தங்கிய சேறு போய்த் தெளிந்ததும் பம்பு ஒரு தொட்டித் தண்ணீரைத் திருப்பித் திருப்பிக் குடித்துத் துப்பிக்கொண்டிருந்தது. என் கிரீஸ், மண், டயர்க் கறுப்பு எல்லாம் போய் அந்தத் தண்ணீர் இளநீர் மாதிரி ஆகிவிட்டது. குளத்தின் அடியில் படிந்த செம்மண்ணை மூவரும் மிதித்து மிதித்து, மேடு பள்ளம் நிரவி, சாணம் தெளித்து மெழுகினார்கள். வெயிலில் அது நன்றாக இறுகிவிட்டது. அதன் நட்டநடுவில் ஒரு ரூபாய்க் காசைத் துடைத்து வைத்தார்கள்.

திறப்பு விழா அன்று பொன்னுலிங்கமும் வடிவும் மாலையோடு வந்து இறங்கினார்கள். பின்னாலேயே பள்ளிக்கூட வேன். நீச்சல் டவுசரோடு பையன்கள் குதித்து ஓடி வந்தார்கள். குளக்கரையில் மூன்று ஆண்டிகளும் குளித்து, திருநீற்றுப் பட்டை அடித்து, வரிசையாக நின்றார்கள்.

பொன்னுலிங்கம் எட்டிப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"தண்ணி எங்கல?"

"அது கெடக்கட்டும் அத்தான். காசைப் பாருங்க. பூ!" என்றான் மூக்காண்டி. "இங்கிருந்தே வருஷம்கூடப் படிக்கலாம்."

"முடிஞ்சு போச்சு வடிவு," என்றான் பொன்னுலிங்கம். "பெட்டியைக் கட்டு. குவைத்துதான்."

வடிவு தம்பிமாரை ஒரு பார்வை பார்த்தாள். அவர்களை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை, சேர்த்துக்கொள்ளவும் முடியவில்லை. "கொலைகாரப் பாவிகளா," என்று மட்டும் சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சின்னவள் அப்பாவின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாமுவேல்துரை வாத்தியார் செருப்பைக் கழற்றிப் போட்டார். ஏணிப்படியில் மெதுவாக உள்ளே இறங்கினார். காலால் செம்மண்ணை அமுக்கிப் பார்த்தார். குதித்துப் பார்த்தார். குனிந்து ஒரு பிடி எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். அதற்குள் நாலைந்து பையன்கள் பின்னாலேயே குதித்து, நடுவில் கோடு கிழித்து, "கபடி கபடி" என்று பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

"யாரு இந்தக் களத்தைப் போட்டது?" என்றார் வாத்தியார்.

மூன்று ஆண்டிகளும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"ஏன்யா பொன்னுலிங்கம், எங்க பள்ளிக்கூடத்துல புதுக் கட்டடம் கட்டுதோம்னு கபடிக் களத்தைத் தோண்டிப் போட்டுட்டாங்க. ஜில்லா போட்டி வருது. பயலுக விளையாட எடமில்லாம நாயா அலையுதேன். நீச்சலாவது பழகட்டும்னுதான் இங்க கூட்டியாந்தேன். நீ என்னடான்னா நாலு பக்கமும் சுவர், மேல உக்காந்து பாக்கப் படிக்கட்டு, விளையாடி முடிச்சா குளிக்க ஷவர்னு வச்சிருக்கே! கோடை பூரா இது எனக்குத்தான். வேற எவனுக்கும் குடுத்துராதே."

பொன்னுலிங்கம் எழுந்து, மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஒரு சத்தம் போட்டான். மாலையை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் மூக்காண்டிக்குப் போட்டான். மூக்காண்டி அதைக் கழற்றிப் பம்புக்குப் போட்டான். பம்பு என் தொட்டியில் ஓடிக்கொண்டே இருந்தது. இன்றைக்கும் பகல் பூரா பச்சையில் ஓடுகிறது, காலையில் கொஞ்ச நேரம் சிவப்பு. தொட்டி எனக்குத் திரும்பி வரவில்லை.

பொன்னுலிங்கம் குவைத்துக்குப் போகவில்லை. இப்போது சாயங்காலமானால் கபடி பார்க்க அங்கே ஒரே கூட்டம். மூன்று ஆண்டிகளுக்கும் நிரந்தர வேலை. ஒரே ஒரு தகராறுதான். குளம் கட்டும்போதே, 'நீச்சல் தெரியாதவர்கள் ஆழப் பகுதிக்குச் செல்லக் கூடாது' என்று ஒரு போர்டு எழுதி மாட்டியிருந்தார்கள். அதை யாரும் எடுக்கவில்லை. போர்டு இருக்கிறவரைக்கும் மூன்று பேரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். கபடி பாடிப் போகிற பையன் அந்தப் பக்கம் காலை வைத்தால் போதும், மூக்காண்டி விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிடுவான்.

"தம்பி, நீச்சல் தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"அப்ப இந்தப் பக்கம் வா. எங்களுக்குப் பொறுப்பு இருக்கு."

வாத்தியார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் அவரே அலுத்துப்போய், நீங்களே சொல்லிக் கொடுத்துத் தொலையுங்கள் என்று விட்டுவிட்டார். ஆட்டத்துக்கு முன்னால் பையன்கள் ஆழத்துப் பக்கம் செம்மண்ணில் குப்புறப் படுத்து, கையையும் காலையும் அடித்து, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போக வேண்டும். போய்ச் சேர்ந்தவனை மூக்காண்டி தட்டிக் கொடுத்து விளையாட அனுப்புவான்.

நேற்றுச் சாயங்காலம் எதிர்ப்பக்கம் ஒரே கூச்சல். "டியூப்! டியூப்!" என்று யாரோ அலறினார்கள். நான் போட்டது போட்டபடி ரோட்டைத் தாண்டி ஓடினேன். ஒரு பையன் படிக்கட்டில் துண்டைப் போர்த்திக்கொண்டு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் வேலாண்டி மல்லாந்து கிடந்தான். அவன் கழுத்தில் என் லாரி டியூப்.

"என்னல ஆச்சு?"

"பய பாதியில முங்கிட்டான் அண்ணாச்சி," என்றான் மூக்காண்டி. அவனுக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. "காப்பாத்துதேன்னு இவன் குதிச்சுட்டான். இவனுக்கும் நீச்சல் தெரியாது. ரெண்டு பேரையும் இழுத்துக் கரையேத்துறதுக்குள்ள எங்க உசுரு போயிருச்சு."

பிச்சாண்டி இரண்டு கையாலும் வேலாண்டியின் வயிற்றை அமுக்கிக்கொண்டிருந்தான். அடேய் விடுடா என்று நான் கிட்டே போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், வேலாண்டி வாயிலிருந்து தண்ணீர் வந்தது.